துக்கத் தொப்பிக்கு அடியிலிருந்தும் இரயில் சன்னலிலிருந்தும்: பிரெஞ்சுக்காரர் கண்ட கொரியா

கொரியா ஜப்பானின் ஆட்சிக்குள் இருந்த காலத்தில் பிரெஞ்சுக்காரர் அந்நாட்டின் பண்பாட்டை எவ்வாறு புரிந்துகொண்டனர், அவர்களுடைய பார்வையில் மதிப்பு இருந்ததா இளக்காரம் இருந்ததா என்பது கேள்வி. நேரான விடை ஒன்றை முதலில் சொல்லிவிடலாம். 1905-இல் பாதுகாப்பு ஆட்சியாகத் தொடங்கி 1910 ஆகஸ்ட் முதல் 1945 வரை முழு இணைப்பாக நீடித்த அக்காலத்தில் பிரெஞ்சுக்காரர் கொரியாவைப் பற்றிப் புதிதாக அறிந்துகொண்டது மிகக் குறைவு. அவர்கள் கையில் இருந்த கொரியா பெரும்பாலும் அதற்கு முந்தைய எழுபது ஆண்டுகளில் சேர்த்து வைக்கப்பட்ட கொரியாவே. மதிப்பும் இளக்காரமும் அதில் இரண்டறக் கலந்திருந்தன. சொல்லப்போனால், அவர்கள் மதித்துப் போற்றிய அமைதியும் எளிமையும் சாந்தமுமே, அந்நாடு இன்னொருவர் கைக்குப் போனபோது அதை இயல்பான முடிவாக எடுத்துக்கொள்ள அவர்களுக்கு உதவின. ஆகவே கதையைக் குடியேற்ற ஆட்சி தொடங்கிய ஆண்டிலிருந்து தொடங்கினால் பாதிதான் விளங்கும்.

பாரிசு அயல்நாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த பியேர் மோபாங் என்ற குரு 1836-இல் எல்லை கடந்து கொரியாவுக்குள் நுழைந்தார். அயல்நாட்டார் உள்ளே வருவது அன்று கொலைத் தண்டனைக்குரிய குற்றம். அவரும், அவரைத் தொடர்ந்து வந்த ஷஸ்தான் என்ற குருவும், ஆயர் எம்பேரும் 1839-இல் கொல்லப்பட்டனர். அவர்களுக்குப் பின்னும் குருக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்கள் நடமாடிய விதம் இங்கே மிக முக்கியமானது. பெற்றோரை இழந்த கொரியர் முரட்டுச் சணல் துணி உடுத்தி, தோள்வரை கவிந்து முகத்தை மறைக்கும் பெரிய பிரம்புத் தொப்பி அணிந்து, முகத்துக்கு முன்னே ஒரு துணித் திரையையும் பிடித்துக்கொண்டு வெளியே செல்வது வழக்கம். துக்கம் காப்பவரிடம் பேச்சுக் கொடுப்பதும் அவர் முகத்தை உற்றுப் பார்ப்பதும் பண்பற்ற செயல். நீல விழியும் உயர்ந்த மூக்கும் கொண்ட பிரெஞ்சுக் குருக்களுக்கு இதைவிடச் சிறந்த மறைவு வேறு இல்லை. அதை அணிந்தே அவர்கள் ஊர் ஊராகச் சென்றனர். பகலில் விசுவாசிகளின் வீட்டு உள்ளறைகளிலும் இரவில் மலைப்பாதைகளிலுமாக அவர்கள் காலம் கழிந்தது.

கொரியாவைப் பற்றிய முதல் விரிவான பிரெஞ்சு வருணனை இந்தத் தொப்பிக்கு அடியிலிருந்து பார்க்கப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அதன் பலமும் பலவீனமும் ஒருங்கே புலப்படும். அரசவை, அறிஞர் மன்றங்கள், ஓவியக் கூடங்கள் எவையும் குருக்களின் கண்ணுக்கு எட்டவில்லை. அடுப்படி, பிணச் சடங்கு, வரி பிடுங்கும் அலுவலரின் கெடுபிடி, பஞ்சம், பெண்களின் வாழ்க்கை ஆகியவை மிக அருகிலிருந்து தெரிந்தன. குறிப்பாக ஆயர் தாவெலுயி இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்து குறிப்புகள் சேகரித்தார். 1866-இல் அவரும் கொல்லப்பட்டார்.

அக்குறிப்புகளையும் கடிதங்களையும் அடிப்படையாகக் கொண்டு சார்ல் டாலே 1874-இல் இரண்டு தொகுதிகளாகக் கொரியத் திருச்சபையின் வரலாற்றை வெளியிட்டார். அதன் நீண்ட முன்னுரை நாட்டின் நில அமைப்பு, ஆட்சி, சாதி அடுக்கு, மொழி, குடும்பம், உணவு, மூடநம்பிக்கை என எல்லாவற்றையும் பேசுகிறது. ஐரோப்பியர் பலர் பின்னாளில் கொரியாவைப் பற்றி எழுதியபோது அந்த முன்னுரையிலிருந்தே அள்ளிக்கொண்டனர். டாலே கொரிய மண்ணில் கால் வைத்ததே இல்லை. இது குறையாகத் தோன்றினாலும், நேரில் கண்டவர்கள் இறந்துவிட்ட நிலையில் அவர்களுடைய தாள்களைக் கோத்துக் கொடுக்க ஒருவர் இருந்தது நல்லதே.

அந்த முன்னுரையின் தொனி ஒரே சீராக இல்லை. மேற்குடியினரான யாங்பான்கள் உழைக்காமல் ஊரை அடித்து உண்பவர்கள் என்று கடுமையாகச் சாடப்படுகிறார்கள். பெண்ணுக்கு முறையான பெயர்கூட இல்லை என்று வருத்தத்தோடு சொல்லப்படுகிறது. கொரியர் அளவுக்கு மீறி உண்பவர்கள் என்ற செய்தி சற்றே நகைப்போடு வருகிறது. அதே பக்கங்களில், வழிப்போக்கருக்குச் சோறு மறுப்பதை வெட்கக்கேடாகக் கருதும் வழக்கமும், திருமணத்திலும் சாவிலும் ஊரே கூடித் தோள்கொடுக்கும் பழக்கமும் மனமாரப் புகழப்படுகின்றன. தன்னலம் பெருகிய ஐரோப்பாவுக்கு இது பாடம் என்ற குத்தலும் அடியில் ஓடுகிறது. இழந்துவிட்டதாகத் தாங்கள் எண்ணிய பழைய கிறித்தவக் கிராமத்தை அக்குருக்கள் கொரியாவில் தேடினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு சிறு செய்தி. டாலே கொரியா செல்லாதவர் என்றாலும் தென்னிந்தியாவுக்கு வந்தவர். மைசூர்ப் பகுதியில் பல ஆண்டுகள் மறைப்பணி செய்தவர். கொரிய மொழிக்கும் திராவிட மொழிகளுக்கும் இலக்கண அமைப்பில் ஒற்றுமை இருப்பதாக அந்த முன்னுரையில் ஓர் ஒப்பீடு இடம்பெற்றதற்கு அவருடைய இந்த அனுபவமே காரணம் எனக் கொள்வதில் தவறில்லை. 1905-இல் அமெரிக்கரான ஹல்பர்ட் இதே கருத்தைத் தனி நூலாக விரித்தார். இன்று தமிழும் கொரியமும் உறவுமொழிகள் என்று ஆர்வத்தோடு பரப்பப்படும் செய்திகளின் வேர் அங்கே இருக்கிறது. வரலாற்று மொழியியல் அறிஞர்கள் அந்த உறவை ஏற்கவில்லை என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும். பெயர்ச்சொல்லோடு உருபு ஒட்டுவதும் வினை கடைசியில் வருவதும் உலகின் பல மொழிகளுக்குப் பொது.

1866-இல் பிரெஞ்சு ஆயர்களும் குருக்களுமாக ஒன்பது பேர் கொல்லப்பட்டனர். ஆயிரக்கணக்கான கொரியக் கத்தோலிக்கர் அடுத்த சில ஆண்டுகளில் மடிந்தனர். பழிவாங்கப் புறப்பட்ட தளபதி ரோசின் கப்பற்படை அவ்வாண்டு அக்டோபரில் கங்ஹ்வா தீவைப் பிடித்து, ஒரு மாதத்துக்குள் தோல்வியோடு திரும்பியது. திரும்பும்போது அங்கிருந்த அரச நூலகத்துக்குத் தீ வைத்துவிட்டு, அரச விழாக்களையும் சடங்குகளையும் வண்ணப் படங்களோடு பதிவு செய்த உய்க்வே என்னும் ஏடுகளை அள்ளிச் சென்றது. பாரிசு தேசிய நூலகத்தில் இருந்த அந்த 297 தொகுதிகளில் ஒன்று 1993-இலும் மற்றவை 2011-இலும் கொரியாவுக்குச் சென்றன. அதுவும் சட்டப்படி திருப்பித் தரப்பட்டவையாக அல்ல, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் கடனாகத்தான்.

அந்தப் படையில் இருந்த ஆன்ரி சுபேர் என்ற இளம் கடற்படை அலுவலர் பின்னாளில் ஓவியரானார். 1873-இல் ஒரு படப் பயண இதழில் அவர் எழுதிய நினைவுக் கட்டுரையில், மிக வறிய குடிசையிலும் புத்தகம் இருந்ததைக் கண்டு வியந்ததாகவும், அது பிரெஞ்சுக்காரரின் தற்பெருமைக்கு இதமான காட்சியாக இல்லை என்றும் சொல்கிறார். எழுத்தறியாதோர் பெருந்திரளாக இருந்த பிரான்சிலிருந்து வந்தவர் அவர் என்பதால் இந்தக் கூச்சம் உண்மையானது. நூலகத்துக்குத் தீ வைத்த படையைச் சேர்ந்தவரிடமிருந்து புத்தகப் பற்றைப் போற்றும் வரி வருகிறதே என்று நமக்குத் தோன்றும். அவர் எழுத்தில் அந்த முரண்பாடு பற்றிய உறுத்தல் தென்படவில்லை.

புத்தகத்தின் வழியாகக் கொரியாவை மதிப்பிடும் இந்தப் பழக்கம் பிரெஞ்சுப் பார்வையின் தனித்தன்மை என்றே கூறலாம். 1886 ஜூன் 4 அன்று கையெழுத்தான உடன்படிக்கைக்குப் பின் சியோலுக்கு வந்த முதல் தூதர் கொலாங் த பிளான்சி ஓயாமல் பழைய நூல்களையும் பீங்கான்களையும் வாங்கிச் சேர்த்தார். 1890-இல் அவருக்கு உதவியாளராக வந்த மொரீஸ் குரான் அங்கு இரண்டு ஆண்டுகூட முழுமையாக இருக்கவில்லை. ஆனால் அவர் தொடங்கிய கொரிய நூற்பட்டியல் 1894 முதல் 1896 வரை மூன்று பெருந்தொகுதிகளாகவும் 1901-இல் ஒரு துணைத் தொகுதியாகவும் வெளிவந்தபோது அதில் 3,821 பதிவுகள் இருந்தன. சியோலின் மறைமாவட்டத் தலைவராக இருந்த ஆயர் முத்தேலும் அதற்குக் கைகொடுத்தார்.

குரானின் முன்னுரையைப் படிப்பவருக்கு அவர் அறையில் அமர்ந்து பட்டியல் போட்டவர் அல்லர் என்பது புரியும். சியோலின் பெரிய மணிக்கூண்டை ஒட்டிய தெருக்களில் இருந்த புத்தகக் கடைகளையும், தெருவோரத்தில் விரித்து வைக்கப்பட்ட நாட்டு எழுத்துக் கதைகளையும், சட்டி முட்டி போன்ற வீட்டுப் பொருளை ஈடாகப் பெற்றுக்கொண்டு கதைப்புத்தகங்களை வாடகைக்கு விட்டவர்களையும் அவர் விவரிக்கிறார். கொரியர் உலோக அச்சை ஐரோப்பாவுக்கு முன்பே அறிந்திருந்ததை ஐரோப்பியருக்கு அழுத்தமாகச் சொன்னவரும் அவரே. ஆனாலும் கொரிய இலக்கியம் சீனத்தின் நிழலில் வளர்ந்தது, தனக்கென்று பெரிதும் எதையும் படைக்கவில்லை என்ற முடிவிலிருந்து அவர் மீளவில்லை. சீனப் புலமையில் பயின்ற கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். கற்றறிந்த கொரியரே தங்கள் ஹங்குல் எழுத்தில் எழுதப்பட்டதைப் பெண்களுக்கும் எளியோருக்கும் உரியதென்று ஒதுக்கியிருந்த காலம் அது. அயலாரின் தவறான மதிப்பீடு பல வேளைகளில் உள்ளூர் மேட்டிமையின் எதிரொலியாக இருப்பது கொரியாவுக்கு மட்டும் உரியதன்று.

பொருட்களும் பாரிசுக்கு வந்தன. 1888-இல் சியோலிலிருந்து பூசான்வரை குறுக்கே பயணம் செய்த ஷார்ல் வாரா சேகரித்தவை கிமே அருங்காட்சியகத்தை அடைந்தன. அவற்றை வகைப்படுத்த உதவியவர், பிரான்சுக்குப் படிக்க வந்த முதல் கொரியராக அறியப்படும் ஹொங் ஜொங்உ. பாரிசுத் தெருக்களில் கொரிய உடையோடு நடமாடிய அவர் பலருக்கும் வேடிக்கைப் பொருளானார். 1892-இல் அவர் துணையோடு ரோனி என்ற எழுத்தாளர், கொரியர் தலைமுறை தலைமுறையாகப் பாடியும் கேட்டும் வந்த சுன்ஹியாங்கின் காதல் கதையைப் பிரெஞ்சில் 'மணக்கும் வசந்தம்' என்ற பொருள் தரும் தலைப்பில் வெளியிட்டார். மூலத்தில் சுன்ஹியாங் ஒரு கிசெங்கின், அதாவது ஆடல் பாடல் வல்ல கணிகையின் மகள். கதையின் முழு வலிமையும் அதில்தான் இருக்கிறது: கணிகைக் குலத்தில் பிறந்தவளுக்குக் கற்பு எதற்கு என்று கேட்கும் அதிகாரிக்கு அவள் உடலில் அடிவாங்கிக்கொண்டு விடை சொல்கிறாள். பிரெஞ்சுப் பதிப்பில் அவள் சாதாரணக் குடிமகன் ஒருவரின் மகளாகிவிட்டாள். காதலன் பெண் வேடமிட்டு அவளை அணுகும் காட்சியும் புதிதாக முளைத்தது. கோவலன் கதையில் மாதவியின் குலத்தை மாற்றிவிட்டுக் கதை சொல்வதைப் போன்ற வேலை இது. பாரிசு வாசகர் எதிர்பார்த்த மென்மையான கிழக்கத்தியக் காதல் கிடைத்தது. சாதி அடுக்கின் மீது கொரியர் கொண்டிருந்த கோபம் உதிர்ந்துபோனது. இதற்கு உதவிய ஹொங், பாரிசில் அமைதியான அறிஞராகக் கருதப்பட்டவர், 1894 மார்ச்சில் ஷாங்காயில் சீர்திருத்தத் தலைவர் கிம் ஒக்கியுனைச் சுட்டுக் கொன்றார் என்ற செய்தி வந்தபோது அவரை அறிந்திருந்தவர்கள் திகைத்துப்போனார்கள்.

1900-ஆம் ஆண்டின் பாரிசு உலகக் கண்காட்சியில் கொரியப் பேரரசுக்கென்று தனி மண்டபம் எழுப்பப்பட்டது. அரண்மனையின் அரியணைக் கூடத்தைப் போல வளைந்த கூரையோடு அதை வடிவமைத்தவர் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஃபெரே. கண்காட்சித் திடலின் ஓரத்தில் நின்ற அம்மண்டபத்தில் பட்டு, பீங்கான், இசைக்கருவி, நூல் எனப் பலவும் இருந்தன. அவற்றுள் சில பாரிசு அருங்காட்சியகங்களிலேயே தங்கிவிட்டன. தன்னாட்சி பெற்ற நாடு என்று உலகின் முன் நிற்பதற்குக் கொரியாவுக்குக் கிடைத்த கடைசிப் பெரிய மேடை அது.

அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் வெளிவந்த பயண நூல்களில்தான் பிரெஞ்சுப் பார்வை கெட்டிப்பட்டது. அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஜோர்ஜ் துக்ரோக் 1901-இல் லூயி மரேனுடன் கொரியா சென்று, 1904-இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதன் தலைப்பே 'ஏழ்மையும் இனிமையும் கொண்ட கொரியா' என்ற பொருள் தருவது. வைக்கோல் கூரைகள், வெள்ளை உடை, நீண்ட குழாயில் புகை பிடிக்கும் கிழவர்கள், ஆற்றங்கரையில் துணி துவைக்கும் பெண்கள், அவசரமே அறியாத தெரு என எல்லாம் அன்போடு எழுதப்பட்டவை. எள்ளல் குறைவு, வாஞ்சை அதிகம். இன்றைய கொரியர் பலரும் அந்நூலை விரும்பிப் படிப்பதில் வியப்பில்லை. ஆனாலும் அந்தத் தலைப்பின் இரண்டு அடைச்சொற்களையும் ஒருமுறை நிறுத்திக் கேட்க வேண்டும். ஏழை என்றால் உதவி தேவை. இனியவர் என்றால் எதிர்க்க மாட்டார். கொரியாவுக்கு அன்று வழங்கிய 'காலை அமைதியின் நாடு' என்ற பெயரும் இப்படிப்பட்டதே. அந்தப் பெயர் பிரெஞ்சில் இன்றுவரை பத்திரிகைத் தலைப்புகளில் வந்துகொண்டிருக்கிறது. அமைதியான நாட்டுக்குக் கோபம் வரும் என்பதை அந்தப் பெயரோடு சேர்த்து எண்ணிப் பார்ப்பது கடினம்.

எழுத்தாளர் பியேர் லோத்தியும் 1901-இல் கடற்படை அலுவலராகச் சியோலுக்குச் சென்று அரசவையைக் கண்டார். அவர் அதைப் பற்றி எழுதியது ஒரு ஜப்பான் நூலில் ஓர் அத்தியாயமாக 1905-இல் வெளிவந்தது. கொரியா அரசியலில் ஜப்பானின் ஒரு பகுதியாவதற்குச் சற்று முன்பே பிரெஞ்சுப் புத்தக அலமாரியில் அவ்வாறு ஆகிவிட்டது.

அதே 1905-இல் முன்னாள் தூதர் ஃபிராந்தேன் பெயரில் வந்த இன்னொரு நூல், பிரெஞ்சுத் தூதரக அலுவலர் ஒருவரைக் காதலித்துப் பாரிசுக்குச் சென்று திரும்பித் துயரத்தில் இறந்த அரசவை நடனப் பெண்ணின் கதையைச் சொல்கிறது. அந்நூலுக்கு வெளியே உறுதியான சான்று இல்லாத இக்கதை பிற்காலத்தில் கொரியப் புதினங்களுக்குக் கருவானது. அதை வரலாறாகக் கொள்வதைவிட, கிழக்கைக் கனவு கண்ட ஒரு தலைமுறையின் சுவைக்கு எடுத்துக்காட்டாகக் கொள்வது பாதுகாப்பானது.

பின்னணியில் அரசியல் வேறு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது. 1907 ஜூன் 10 அன்று பாரிசில் பிரான்சும் ஜப்பானும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆசியாவில் ஒருவர் மற்றவருடைய நிலையை மதிப்பது அதன் சாரம். வியட்நாம், கம்போடியா, லாவோசில் தன் பிடியைக் காத்துக்கொள்ள விரும்பிய பிரான்சு கொரியாவைப் பற்றி வாய் திறக்காது என்பதே அதன் நடைமுறைப் பொருள். அடுத்த மாதம் ஹேக் அமைதி மாநாட்டுக்குக் கொரியப் பேரரசர் இரகசியமாக அனுப்பிய மூவரில் ஒருவரான இளைஞர் யி வீஜொங் அழகான பிரெஞ்சில் பத்திரிகையாளர் முன் தம் நாட்டின் நிலையை எடுத்துரைத்தார். கேட்டவர்கள் உருகினார்கள், மாநாட்டுக் கதவு திறக்கவில்லை.

1910-க்குப் பின் கொரியாவைக் காணும் வழியே மாறியது. 1911-இல் யாலு ஆற்றின் மேல் பாலம் முடிந்தவுடன் பூசானில் ஏறியவர் மஞ்சூரியா வழியாகச் சைபீரிய இரயிலைப் பிடித்துப் பாரிசு வரை செல்லலாம் என்ற நிலை வந்தது. ஜப்பானுக்கும் சீனாவுக்கும் இடையே பயணம் செய்த பிரெஞ்சுக்காரருக்குக் கொரியா இரண்டொரு நாள் சன்னலில் ஓடும் காட்சியானது. பயணச்சீட்டிலும் நிலையப் பலகையிலும் சியோல் 'கெய்ஜோ' ஆகவும், நாடே 'சோசென்' ஆகவும் ஜப்பானிய உச்சரிப்பில் எழுதப்பட்டிருந்தன. ஜப்பானியத் தலைமை ஆளுநரகம் ஆண்டுதோறும் ஆங்கிலத்தில் வெளியிட்ட சீர்திருத்த முன்னேற்ற அறிக்கை புதிய சாலை, புதிய பள்ளி, நடப்பட்ட மரங்கள் ஆகியவற்றைப் படங்களோடு காட்டியது. பிரெஞ்சுக் குடியேற்ற அலுவலர் ஒருவருக்கு அந்த மொழி அந்நியமானதே அன்று. இந்தோசீனாவைப் பற்றி அவர் அலுவலகமும் அதே மொழியில்தான் அறிக்கை எழுதியது. ஜப்பானியர் செய்வதைக் கண்டிப்பது தன் கண்ணாடியைத் தானே உடைப்பதற்கு ஒப்பாகும்.

நாட்டுக்குள் நீண்டகாலம் தொடர்ந்து வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் என்றால் பெரும்பாலும் குருக்கள்தாம். பழைய குருக்கள் துக்கத் தொப்பிக்குள் ஒளிந்திருந்தார்கள்; இவர்களுக்கோ 1898-இல் எழும்பிய மியொங்தொங் பேராலயம் இருந்தது. இழக்கச் சொத்து உள்ளவரின் எச்சரிக்கை இவர்களிடம் வந்துவிட்டது. 1890 முதல் 1933 வரை சியோலின் ஆயராக இருந்த குஸ்தாவ் முத்தேல், அரசியலில் தலையிடக் கூடாது என்பதைக் கொள்கையாகக் கொண்டார். ஜப்பானியத் தலைவர் இதோ ஹிரோபூமியை 1909 அக்டோபரில் ஹார்பினில் சுட்ட ஆன் ஜுங்குன், தோமா என்ற திருமுழுக்குப் பெயர் கொண்ட கத்தோலிக்கர். தூக்குக்கு முன் அவர் அருட்சாதனம் பெற ஒரு குருவை அனுப்ப முத்தேல் மறுத்தார். ஆனுக்குத் திருமுழுக்கு அளித்த குரு வில்ஹெல்ம் ஆயரின் தடையை மீறிச் சிறைக்குச் சென்று அதை நிறைவேற்றினார். அதற்காகத் தண்டனையும் பெற்றார். 1919 மார்ச் 1 விடுதலை அறிக்கையில் கையொப்பமிட்ட 33 பேரில் புரொட்டஸ்டண்டுகள் 16 பேர், சொந்தோக்யோ என்னும் நாட்டுச் சமயத்தினர் 15 பேர், பௌத்தர் இருவர்; கத்தோலிக்கர் ஒருவர்கூட இல்லை. இதற்குப் பிரெஞ்சு மேலிடத்தின் தடை ஒரு முக்கியக் காரணம்.

ஆயினும் இவர்களைக் குறை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. 1880-இல் யோகோகாமாவில் அச்சான கொரிய-பிரெஞ்சு அகராதியும் அடுத்த ஆண்டு வந்த இலக்கணமும் அக்குருக்களின் உழைப்பு. கல்வியாளர் ஒதுக்கிய ஹங்குலை மறைநூலுக்கும் செபநூலுக்கும் அவர்கள் பயன்படுத்தினர். ஜப்பானிய மொழி பள்ளிகளில் கொரியத்தை நெருக்கித் தள்ளிய காலத்திலும் ஆலயத்தில் கொரியம் ஒலித்தது. அவர்கள் கொரிய மொழியை நேசித்தார்கள், கொரியரின் விடுதலையை நேசிக்கவில்லை. இரண்டும் ஒரே மனிதருக்குள் எப்படி இருந்தன என்று கேட்பவருக்கு முத்தேலின் விரிவான நாட்குறிப்பைவிடச் சிறந்த சான்று கிடைக்காது.

1919-க்குப் பின் பாரிசிலேயே மாற்றுக் குரல் ஒன்று எழுந்தது. அமைதி மாநாட்டுக்காக அவ்வாண்டு மார்ச்சில் பாரிசு வந்த கொரியப் பிரதிநிதி கிம் கியுசிக், ஷத்தோதான் தெருவில் ஒரு தகவல் அலுவலகம் அமைத்தார். மாநாடு அவர் மனுவைக் கேட்கவில்லை. ஆனால் சில பிரெஞ்சுக்காரர் கேட்டார்கள். காங்கோவில் பிரெஞ்சுக் குழுமங்கள் செய்த கொடுமைகளை முன்பே எழுதியிருந்த ஃபெலிசியேன் ஷலாயே என்ற தத்துவ ஆசிரியர், கொரியாவில் ஜப்பானியர் நடத்திய அடக்குமுறையைப் பற்றி எழுதினார். மனித உரிமைக் கழகத்தின் சார்பில் 1920 தொடக்கத்தில் பாரிசில் உரையாற்றினார். தன் நாட்டின் ஆதிக்கத்தைக் கண்டிக்கத் துணிந்த ஒருவருக்குத்தான் ஜப்பானின் ஆதிக்கத்தையும் கண்டிக்க நாக்கு எழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1921-இல் கொரிய நண்பர்கள் சங்கம் தொடங்கியபோது அதன் தலைமையை ஏற்றவர் லூயி மரேன். இருபது ஆண்டுகளுக்கு முன் துக்ரோக்குடன் அந்த 'இனிய' நாட்டைச் சுற்றி வந்த அதே மரேன்தான். இப்போது நாடாளுமன்ற உறுப்பினர், அரசியலில் வலதுசாரி. வாஞ்சையோடு பார்த்த பார்வையிலிருந்தும் அரசியல் துணிவு பிறக்கக்கூடும் என்பதற்கு அவர் சான்று. நான் மேலே துக்ரோக்கின் நூலைப் பற்றிச் சொன்ன குறைக்கு இது ஓரளவு எதிர்ச்சான்றும்கூட.

பிரெஞ்சு உளவுத்துறையும் இக்கொரியரைக் கவனித்தது, வேறு காரணத்துக்காக. பின்னாளில் ஹோ சி மின் எனப்பட்ட வியட்நாமிய இளைஞர் பாரிசில் அவர்களோடு பழகியதை அதன் அறிக்கைகள் குறித்துவைத்தன. இதே கணக்கு ஷாங்காயிலும் நடந்தது. 1919 ஏப்ரலில் அமைந்த கொரிய இடைக்கால அரசு அங்கிருந்த பிரெஞ்சுக் குடியிருப்பு எல்லைக்குள் பதின்மூன்று ஆண்டுகள் இயங்கியது. பிரெஞ்சுக் குடியரசின் விடுதலைப் பற்று என்று இதைச் சிலர் புகழ்வதுண்டு. வியட்நாம் இளவரசர் குவோங் டே ஜப்பானில் அடைக்கலம் பெற்றிருந்ததையும் சேர்த்துப் பார்த்தால், அது பதிலுக்குக் கையில் வைத்திருந்த துருப்புச் சீட்டாகவும் தோன்றும். 1932 ஏப்ரல் 29 அன்று யுன் பொங்கில் என்ற கொரியர் ஷாங்காய்ப் பூங்காவில் குண்டு வீசியபின் பிரெஞ்சு அதிகாரிகள் ஜப்பானியக் காவலருக்குக் கதவைத் திறந்துவிட்டனர். இடைக்கால அரசு ஹாங்சௌவுக்குப் பெயர்ந்தது.

சாதாரண பிரெஞ்சு மக்கள் கொரியரை நேரில் கண்ட இடம் என்றால் மார்ன் மாவட்டத்தின் சுயிப் ஊரைச் சொல்லலாம். உருசியாவின் மூர்மான்ஸ்கிலிருந்து வந்து சேர்ந்த முப்பத்தைந்து பேர் அளவிலான கொரியத் தொழிலாளர் 1919-இன் இறுதியிலிருந்து அங்கே முதல் உலகப் போரின் சிதைவுகளை அகற்றினார்கள், போர்வீரர்களுக்குக் கல்லறை தோண்டினார்கள். தங்கள் கூலியில் ஒரு பங்கை விடுதலைப் பணிக்கு அளித்தார்கள். பயண நூல்களின் சோம்பல் மிகுந்த, புகைக்குழாய் பிடித்த கொரியர் இவர்களிடம் தேடினாலும் கிடைக்கமாட்டார்.

1917-இல் ஜப்பானிலிருந்து கொரியா சென்று வைரமலையின் பௌத்த மடத்தில் தங்கிய பிரெஞ்சுப் பெண் பயணி அலெக்சாந்திரா தவித்-நீல் தனி வகை. 1911-இல் அடையாற்றிலும் புதுச்சேரியிலும் ஞானம் தேடி, அரவிந்தரையும் சந்தித்தவர் அவர். கொரியாவிலும் தியான மடத்தைத் தேடினார், கண்டார், சில வாரங்களில் பீக்கிங்குக்குப் புறப்பட்டார். மடத்துக்கு வெளியே நடந்துகொண்டிருந்த ஆட்சி அவருடைய தேடலுக்குள் வரவில்லை.

1920-களின் இறுதியிலிருந்து கொரியரே பிரெஞ்சில் பேசத் தொடங்கினார்கள். 1928-இல் மொழியறிஞர் லி குக்ரோ பாரிசுப் பல்கலைக்கழகத்தின் ஒலிக்காப்பகத்தில் கொரியத்தைத் தம் குரலில் பதிவு செய்தார். சொ யொங்ஹே 1929-இல் பாரிசில் ஒரு செய்தி முகமையைத் தொடங்கி, அதே ஆண்டில் ஒரு கொரியரின் வாழ்க்கையைச் சுற்றி அமைந்த புதினத்தையும், 1934-இல் கொரிய நாட்டுப்புறக் கதைகளின் தொகுப்பையும் பிரெஞ்சில் எழுதி வெளியிட்டார். நடனக் கலைஞர் சொ சுங்ஹி 1939-இல் பாரிசின் பிளேயெல் அரங்கில் ஆடினார். ஜப்பானியக் கடவுச்சீட்டில் வந்து, தம்மைக் கொரிய நடனக்காரி என்று அறிவித்துக்கொண்டார்.

ஆனால் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் இன்னொரு நடனம் அரங்கேறியிருந்தது. 1892-இல் பிரெஞ்சாகிய சுன்ஹியாங்கின் கதை, 1936 ஏப்ரலில் மோந்தே கார்லோ பாலே குழுவின் மேடையில் 'காதலின் சோதனை' என்ற பெயரில் ஏறியது. நடனம் ஃபோக்கின் அமைத்தது. மேடையும் உடையும் ஓவியர் ஆந்திரே தெரேன் தீட்டியவை. இசை மோட்சார்ட்டினுடையது என்று அறிவிக்கப்பட்டது. கிசெங்கின் மகள் இப்போது பேராசை பிடித்த சீன அலுவலர் ஒருவரின் மகள். பட்டாம்பூச்சிகள், குரங்குகள், ஒரு டிராகன், பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியச் சீனக் கற்பனை எல்லாம் இருந்தன. கொரியா என்ற சொல்லுக்கு அங்கே வேலை இல்லை. இழிவுபடுத்தும் எண்ணம் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த நாட்டை நினைவில் வைத்திருக்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை, அவ்வளவே.

மொரீஸ் குரானின் நூற்பட்டியலின் துணைத் தொகுதியில் 3738-ஆம் பதிவாக இருந்த சிறு ஏட்டுக்கும் இதுவே நேர்ந்தது. 1377-இல் சொங்ஜு நகருக்கு அருகிலிருந்த ஹுங்தொக் விகாரத்தில் உலோக எழுத்துகளால் அச்சிடப்பட்ட ஜிக்ஜி என்ற பௌத்த நூல் அது. குட்டன்பர்க் விவிலியத்துக்கு ஏறத்தாழ 78 ஆண்டுகள் மூத்தது. கொலாங் த பிளான்சி வாங்கி வந்து, 1900 கண்காட்சியில் காட்டினார். கொரியா இணைக்கப்பட்டு ஏழு மாதங்கள் ஆகியிருந்த 1911 மார்ச்சில் அவருடைய சேகரிப்பு பாரிசில் ஏலத்துக்கு வந்தபோது, ஆன்ரி வெவேர் என்ற நகை வணிகர் அதை 180 பிராங்குக்கு எடுத்தார். 1942-இல் அவர் இறக்கும்வரை, குடியேற்ற ஆட்சிக் காலம் ஏறத்தாழ முழுவதும், அது அவர் சேகரிப்பிலேயே இருந்தது. அவருடைய குடும்பத்தார் அதைத் தேசிய நூலகத்துக்குக் கொடுத்தபின், அங்கே பணியாற்றிய கொரிய அறிஞர் பாக் பியொங்சொன் 1972-ஆம் ஆண்டு நூல் கண்காட்சிக்கு அதை வெளியே எடுத்தார்.